நடவு அட்டவணையின் வரலாறு: தோல் ஏட்டிலிருந்து கட்டட வடிவமைப்பு மென்பொருள் வரை

நடவு அட்டவணை என்பது ஒரு கட்டட வளாகத்திலோ பூங்காவிலோ நட வேண்டிய மரம், செடி, கொடி, புல் ஆகியவற்றை வரிசைப்படுத்திக் காட்டும் பட்டியல் ஆகும். கட்டடக்கலை அலுவலகங்களில் இதனைப் 'பிளாண்டிங் ஷெட்யூல்' என்றே அழைப்பர். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு குறியீடு, தாவரவியல் பெயர், வழக்குப் பெயர், நடும்போது இருக்க வேண்டிய அளவு, இடைவெளி, எண்ணிக்கை ஆகியவை இடம்பெறும். இதனுடன் இணைந்து வருவது நடவு வரைபடம். எந்தச் செடி எங்கே நிற்க வேண்டும் என்பதை வரைபடம் சொல்கிறது. அது என்ன செடி, எத்தனை, எவ்வளவு பெரியது என்பதை அட்டவணை சொல்கிறது. நாற்றுப்பண்ணைக்குக் கொள்முதல் ஆணை போவதும், ஒப்பந்ததாரர் விலை குறிப்பதும், பணி முடிந்ததும் சரிபார்த்துப் பணம் தருவதும் இந்த அட்டவணையை வைத்துத்தான். இதில் ஒரு வரி தவறினால் தவறான மரம் நடப்படும். அந்தத் தவறு பல ஆண்டுகள் நின்று நிழல் தரும்.

வரைபடமும் பட்டியலும் ஒரே தோட்டத்தைப் பற்றிப் பேசினாலும், நெடுங்காலம் அவை தனித்தனியாகவே எழுதப்பட்டன. அவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் வைத்திருக்க எடுக்கப்பட்ட முயற்சிகளின் கதையே நடவு அட்டவணையின் வரலாறு. இன்று கட்டட வடிவமைப்பு மென்பொருள் அவற்றை ஒரே கோப்பில் இணைத்துவிட்டது. ஆயினும் அந்த இணைப்புக்கும் எல்லைகள் உள்ளன.

இரண்டு பழைய ஏடுகள்

ஐரோப்பாவில் இந்த இரு வகை ஆவணங்களுக்கும் மிகப் பழைய எடுத்துக்காட்டுகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் கிடைக்கின்றன. முதலாவது, கி.பி. 800ஐ ஒட்டிப் பிராங்கு அரசில் எழுதப்பட்ட 'கபிதுலாரே தெ வில்லிஸ்' என்னும் ஆணை. அரச பண்ணைகளை எவ்வாறு நடத்த வேண்டும் என்று கூறும் அந்த ஆணையின் கடைசிப் பிரிவு, தோட்டங்களில் வளர்க்க வேண்டிய ஏறத்தாழ 90 தாவரங்களின் பெயர்களைத் தருகிறது. எந்தச் செடியை எங்கே நடுவது, எத்தனை நடுவது என்னும் குறிப்பு அதில் இல்லை. அது பெயர்ப் பட்டியல் மட்டுமே.

இரண்டாவது, கி.பி. 820களை ஒட்டி வரையப்பட்ட புனித கால் மடாலயத் திட்டப்படம். ஐந்து தோல் துண்டுகளைத் தைத்து இணைத்து, அதன்மேல் ஒரு முழு மடாலயத்தின் தரைப்படம் வரையப்பட்டுள்ளது. சுவிட்சர்லாந்தின் சங்க்ட் காலன் மடாலய நூலகத்தில் இன்றும் அது பாதுகாக்கப்படுகிறது. அதில் காய்கறித் தோட்டத்துக்கு 18 பாத்திகளும் மூலிகைத் தோட்டத்துக்கு 16 பாத்திகளும் வரையப்பட்டு, ஒவ்வொரு பாத்தியின் மேலும் செடியின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் பழ மரங்களின் பெயர்களும் உள்ளன. இங்கே இடம் தெளிவாக இருக்கிறது. எண்ணிக்கையும் அளவும் இல்லை.

ஒன்று இடமில்லாத பட்டியல், மற்றொன்று பட்டியலில்லாத படம். செடி மடாலயத்துக்குள்ளேயோ அரச பண்ணையிலேயோ விதையிட்டு வளர்க்கப்பட்ட காலத்தில் இந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. செடி விலைக்கு வாங்கும் பொருளானபோதுதான் பெயரையும் அளவையும் எண்ணிக்கையையும் துல்லியமாக எழுத வேண்டிய கட்டாயம் வந்தது. இங்கிலாந்தில் 1681இல் நிறுவப்பட்ட பிராம்ப்டன் பார்க் நாற்றுப்பண்ணை போன்றவை பெரிய மாளிகைகளின் தோட்டங்களுக்கு மரக்கன்றுகளை வழங்கத் தொடங்கிய பின், வடிவமைப்பவர் ஓரிடத்திலும் வளர்ப்பவர் வேறிடத்திலும் இருப்பது வழக்கமாயிற்று. இருவருக்கும் இடையே எழுத்தில் ஓர் உடன்பாடு தேவைப்பட்டது.

பெயரை ஒழுங்குபடுத்துதல்

அட்டவணையின் முதல் சிக்கல் பெயர். தமிழ்நாட்டில் நாம் அன்றாடம் காணும் ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். நகர வளாகங்களில் மதில் ஓரமாக நெட்டையாக, கூம்பு வடிவில் நிற்கும் நெட்டிலிங்க மரத்தைப் பலரும் 'அசோக மரம்' என்கின்றனர். உண்மையான அசோகு வேறு மரம். செம்மஞ்சள் நிறப் பூங்கொத்துகள் கொண்ட அதன் தாவரவியல் பெயர் சராகா அசோகா. அட்டவணையில் 'அசோகா – 40' என்று மட்டும் எழுதினால், எந்த மரம் வந்து இறங்கும் என்பதை நாற்றுப்பண்ணைக்காரரே முடிவு செய்வார்.

சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயசு 1753இல் வெளியிட்ட 'ஸ்பீசீஸ் பிளாண்டாரம்' இந்தச் சிக்கலுக்கு அடிப்படைத் தீர்வைத் தந்தது. சுமார் 6,000 இனங்களுக்குப் பேரினப் பெயர், இனப் பெயர் என்னும் இரு சொற்பெயரை அந்நூல் சீராக வழங்கியது. அதற்கு முன் ஒரு செடியைக் குறிக்க ஒரு நீண்ட இலத்தீன் தொடரே தேவைப்பட்டது. இரு சொற்கள் போதும் என்றான பின் அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் பெயரை அடக்க முடிந்தது.

வணிகத்துக்கு அதுவும் போதவில்லை. அமெரிக்காவில் 1923இல் 'ஸ்டாண்டர்டைஸ்டு பிளான்ட் நேம்ஸ்' என்னும் நூல் வெளிவந்தது. அதனைத் தொகுத்த குழுவில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்த ஓம்ஸ்டெட்டின் மகனும் நிலத்தோற்றக் கட்டடக் கலைஞருமான இளைய பிரெடரிக் லா ஓம்ஸ்டெட், தாவரவியலாளர் பிரெடரிக் கோவில், நாற்றுப்பண்ணையாளர் ஹார்லன் கெல்சி ஆகியோர் இருந்தனர். வடிவமைப்பவர், பெயரிடுபவர், விற்பவர் என மூவரும் ஒரே மேசையில் அமர்ந்து பெயர்களை முடிவு செய்தது அக்காலத் தேவையைக் காட்டுகிறது. பின்னர் 1953இல், தோட்டக்கலையில் உருவாக்கப்பட்ட பயிரிடும்வகைகளுக்கான பன்னாட்டுப் பெயரிடல் விதித்தொகுப்பு முதன்முறையாக வெளிவந்தது. நடவு அட்டவணைகளில் வகைப்பெயர் ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுதப்படுவது இந்த விதித்தொகுப்பின் மரபுதான்.

தாவரவியல் பெயரும் நிலையானதன்று. மேலே கூறிய நெட்டிலிங்கம் நெடுங்காலம் பாலியால்தியா லாங்கிஃபோலியா எனப்பட்டது. இன்று அதனை மோனூன் லாங்கிஃபோலியம் என்கின்றனர். ஆய்வு முன்னேறும்போது பெயர் மாறும். பழைய பெயரில் விற்கும் பண்ணையும் புதிய பெயரில் எழுதும் வடிவமைப்பாளரும் ஒரே மரத்தைத்தான் பேசுகிறார்கள் என்பதை அட்டவணை காட்ட வேண்டியிருக்கிறது.

அளவை ஒழுங்குபடுத்துதல்

இரண்டாவது சிக்கல் அளவு. 'பெரிய கன்று', 'நடுத்தரக் கன்று' என்று எழுதினால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பொருள் கொள்வர். பிரித்தானியாவில் 1965இல் மரங்களுக்கும் புதர்ச்செடிகளுக்குமான பி.எஸ். 3936 தரநிலையின் முதல் பகுதி வெளிவந்தது. அமெரிக்காவில் ஏ.என்.எஸ்.ஐ. இசட்60.1 என்னும் தரநிலை அதே வேலையைச் செய்கிறது.

இவ்விரு நாடுகளும் மரத்தை அளக்கும் முறை வேறு. பிரித்தானிய முறையில், தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் தண்டின் சுற்றளவு அளக்கப்படுகிறது. அமெரிக்க முறையில் தண்டின் விட்டம் அளக்கப்படுகிறது. சிறிய மரங்களுக்குத் தரையிலிருந்து 6 அங்குலத்திலும், விட்டம் 4 அங்குலத்துக்கு மேற்பட்டால் 12 அங்குலத்திலும் அளப்பர். அட்டவணையின் அளவுப் பத்தியில் '10 செ.மீ.' என்று மட்டும் இருந்தால் என்ன ஆகும்? அது சுற்றளவாக இருந்தால் தண்டின் விட்டம் சுமார் 3.2 செ.மீ. மட்டுமே. விட்டமாக இருந்தால் அதைவிட மூன்று மடங்கு பருத்த மரம். விலை, வேரோடு பெயர்த்த மண்கட்டியின் எடை, ஏற்றி இறக்கத் தேவையான எந்திரம் எல்லாமே மாறிவிடும். பிற்காலத்தில் ஒரு நாட்டில் தயாரான மென்பொருள் நூலகங்களை வேறொரு நாட்டில் பயன்படுத்தத் தொடங்கியபோது, இந்தப் பத்தியின் தலைப்பைத் தெளிவாக எழுதுவது இன்னும் முக்கியமாயிற்று.

கெர்ட்ரூட் ஜீக்கிலின் தாள்கள்

கையால் வரையப்பட்ட நடவுத் திட்டங்களின் மதிப்பைக் காட்டச் சிறந்த சான்று, ஆங்கிலேயத் தோட்ட வடிவமைப்பாளர் கெர்ட்ரூட் ஜீக்கிலின் (1843–1932) தாள்கள். கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்சுடன் இணைந்து அவர் பல தோட்டங்களை அமைத்தார். செடிகளைத் தனித்தனிப் புள்ளிகளாக அன்றி, ஒன்றோடொன்று கலந்து ஓடும் நீண்ட குறுகிய திட்டுகளாக அவர் வரைந்தார். ஒவ்வொரு திட்டின் உள்ளேயும் செடியின் பெயரையும், பல இடங்களில் எண்ணிக்கையையும் எழுதினார். மன்ஸ்டெட் வுட் என்னும் தம் இல்லத்தில் இருந்த நாற்றுப்பண்ணையிலிருந்து அவரே செடிகளையும் அனுப்பினார். அதாவது வரைபடமும் பட்டியலும் வழங்கலும் ஒரே கையில் இருந்தன.

ஜீக்கிலின் மறைவுக்குப் பின் அவருடைய வரைபடங்களில் பெரும்பகுதியை அமெரிக்க நிலத்தோற்றக் கலைஞர் பீட்ரிக்ஸ் ஃபராண்ட் வாங்கினார். 1955இல் அவர் தம் சேகரிப்பைக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார். ஆம்ப்சயரில் உள்ள அப்டன் கிரே மாளிகைத் தோட்டம் ஜீக்கில் 1908இல் வடிவமைத்தது. 1980களில் அந்த வீட்டை வாங்கியவர்கள், களை மண்டிக் கிடந்த அந்தத் தோட்டத்தைப் பெர்க்லியிலிருந்து பெற்ற வரைபட நகல்களைக் கொண்டு மீட்டெடுத்தனர். சோமர்செட் பகுதியில் உள்ள ஹெஸ்டர்கோம் தோட்டமும் இவ்வாறே 1970களில் ஜீக்கிலின் நடவுத் திட்டங்களைக் கொண்டு மீட்கப்பட்டது.

இதிலிருந்து ஒரு செய்தி தெளிவாகிறது. நடவு அட்டவணை செடி வாங்குவதற்கான சீட்டு மட்டுமன்று. செடிகள் அழிந்த பின்னும் தோட்டத்தைத் திரும்ப உண்டாக்க உதவும் ஒரே ஆவணமாக அது ஆகலாம். கல்லும் சுவரும் சிதைந்தாலும் தடயம் விடும். பல்லாண்டுச் செடிகள் தடயமின்றி மறையும்.

வரைபடம் திரைக்கு வருதல்

1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், கணினித் திரையில் நேரடியாக வரைய முடியும் என்று காட்டியது. அதனினும் நமது பொருளுக்கு நெருக்கமானது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஈஸ்ட்மன் முன்வைத்த கருத்து. 1975இல் எழுதிய கட்டுரையில், கட்டடத்தை வரைபடங்களின் தொகுப்பாக அல்லாமல் கூறுகளின் தரவுத்தளமாகக் கணினியில் வைக்க வேண்டும் என்றார். ஒரு மாற்றத்தை ஒரு முறை செய்தால் போதும். படங்களும் அளவுப் பட்டியல்களும் அதே தரவிலிருந்து பிறக்கும் என்பது அதன் சாரம்.

ஆனால் அலுவலகங்களுக்கு முதலில் வந்து சேர்ந்தவை இரண்டு தனித்தனிக் கருவிகள். 1979இல் வந்த விசிகால்க், 1983இல் வந்த லோட்டஸ் 1-2-3 ஆகிய விரிதாள்கள் பட்டியலைக் கணினிக்குக் கொண்டுவந்தன. 1982 டிசம்பரில் வந்த ஆட்டோகேட் வரைபடத்தைக் கொண்டுவந்தது. இடமில்லாத பட்டியலும் பட்டியலில்லாத படமும் மீண்டும் இரு வேறு கோப்புகளாயின. வரைபடத்தை அச்சிட்டு, ஒவ்வொரு மரக் குறியின் மேலும் பென்சிலால் கோடிட்டு எண்ணி, அந்த எண்ணை விரிதாளில் தட்டச்சு செய்வதே நடைமுறையாக இருந்தது. கடைசி நேரத்தில் ஐந்து மரங்கள் நீக்கப்பட்டால் வரைபடம் மாறும். அட்டவணை பழைய எண்ணிலேயே நிற்கும். அதனால்தான் பல நடவு வரைபடங்களின் ஓரத்தில், எண்ணிக்கை முரண்பட்டால் வரைபடத்தில் உள்ளதையே கொள்ள வேண்டும் என்னும் குறிப்பு எழுதப்பட்டது. இவ்விரண்டும் முரண்படும் என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் குறிப்பு அது.

ஆட்டோகேட்டில் 'பிளாக்' எனப்படும் குறிகளோடு 'ஆட்ரிபியூட்' எனப்படும் தகவல்களை இணைக்கும் வசதி வந்தபோது நிலைமை ஓரளவு மாறியது. மரக் குறி ஒவ்வொன்றும் தன் பெயரையும் அளவையும் சுமந்து நின்றது. அவற்றைப் பிரித்தெடுத்துப் பட்டியலாக்க முடிந்தது. இதன்மேல் நிலத்தோற்றப் பணிக்கெனவே லேண்ட்கேட், லேண்ட் எஃப்எக்ஸ் போன்ற துணை மென்பொருள்கள் எழுந்தன. ஆயினும் பிரித்தெடுத்த பட்டியல் அந்தக் கணத்தின் நகலே. வரைபடம் மாறினால் மீண்டும் பிரித்தெடுக்க வேண்டும்.

மாதிரியிலிருந்து பிறக்கும் அட்டவணை

ஈஸ்ட்மனின் கருத்து வணிக மென்பொருளாக வடிவெடுக்கச் சில ஆண்டுகள் ஆயின. 1982இல் அங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் தொடங்கப்பட்ட கிராஃபிசாஃப்ட் நிறுவனம் ஆர்க்கிகேட்டை உருவாக்கியது. அமெரிக்காவில் 1985இல் ரிச்சர்ட் டீல் தொடங்கிய நிறுவனத்தின் மினிகேட், 1999இல் வெக்டர்வொர்க்ஸ் என்னும் பெயர் பெற்றது. நிலத்தோற்ற வடிவமைப்புக்கெனத் தனிப் பதிப்பும் அதற்கு வந்தது. லியோனிட் ராய்ஸ், இர்வின் யுங்ரைஸ் ஆகியோர் 1997இல் தொடங்கிய நிறுவனம் 2000இல் ரெவிட்டை வெளியிட்டது. 2002இல் ஆட்டோடெஸ்க் அந்நிறுவனத்தை வாங்கியது. இவ்வகை மென்பொருள்கள் இன்று 'பிம்' அல்லது கட்டடத் தகவல் மாதிரியாக்கம் என்னும் பொதுப்பெயரால் அறியப்படுகின்றன.

ரெவிட்டில் அட்டவணை என்பது தனிக் கோப்பு அன்று. தரைப்படம், வெட்டுமுகம் போல அதுவும் மாதிரியைக் காணும் ஒரு காட்சி. மாதிரியில் ஒரு மரத்தை நீக்கினால் அட்டவணையில் எண் தானாகக் குறையும். அட்டவணையில் ஒரு பெயரைத் திருத்தினால் மாதிரியிலும் அது மாறும். பட்டியலும் படமும் முரண்படும் பழைய நோய்க்கு இதுவே நேரடி மருந்து.

நடவு அட்டவணையை உருவாக்கும் முறை

ரெவிட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டால் பணி பின்வருமாறு நடக்கும்.

முதலில், மரங்களும் செடிகளும் 'பிளாண்டிங்' என்னும் வகைப்பாட்டைச் சேர்ந்த 'ஃபேமிலி'களாக மாதிரியில் வைக்கப்படுகின்றன. ஒவ்வொரு இனத்துக்கும் அளவுக்கும் ஒரு 'டைப்' உண்டாக்கப்படுகிறது. தாவரவியல் பெயர், வழக்குப் பெயர், நடும் அளவு, இடைவெளி ஆகியவை அந்த டைப்பின் பண்புகளாகச் சேர்க்கப்படுகின்றன.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ரெவிட்டில் 'ப்ராஜெக்ட் பேராமீட்டர்' எனப்படும் சாதாரணப் பண்பு அட்டவணையில் வரும். ஆனால் வரைபடத்தில் செடியின் அருகே ஒட்டும் பெயர்ச்சீட்டில் வராது. 'ஷேர்டு பேராமீட்டர்' எனப்படும் பொதுப் பண்பு இரண்டிலும் வரும். படத்திலும் பட்டியலிலும் ஒரே பெயர் ஒரே ஊற்றிலிருந்து வர வேண்டுமானால் பொதுப் பண்பையே பயன்படுத்த வேண்டும். இல்லையெனில் வரைபடச் சீட்டைத் தனியாகத் தட்டச்சு செய்ய நேரும். பழைய நோய் திரும்பும்.

அடுத்து, பிளாண்டிங் வகைப்பாட்டுக்கு ஒரு புதிய அட்டவணை தொடங்கி, தேவையான புலங்களைச் சேர்க்க வேண்டும். தாவரவியல் பெயர்ப்படி வரிசைப்படுத்தி, ஒவ்வொரு மரத்தையும் தனி வரியாகக் காட்டும் தேர்வை நீக்கினால், ஒரே டைப்பைச் சேர்ந்தவை ஒரே வரியில் மொத்த எண்ணிக்கையுடன் நிற்கும்.

பின்பு கட்டநிலை. வளாகத்தில் முன்பே நிற்கும் மரங்களும் மாதிரியில் இருக்கும். அவை 'எக்சிஸ்டிங்' என்னும் கட்டநிலையில் வைக்கப்படாவிட்டால், புதிதாக வாங்க வேண்டிய பட்டியலில் சேர்ந்துவிடும். காக்க வேண்டிய பழைய ஆலமரம் ஒன்று கொள்முதல் பட்டியலில் தோன்றுவது இவ்வாறுதான். நிலத்தோற்ற மாதிரி தனிக் கோப்பாக இருந்து கட்டட மாதிரியுடன் இணைக்கப்பட்டிருந்தால், இணைத்த கோப்புகளின் கூறுகளையும் எண்ணுமாறு அட்டவணையில் குறிக்க வேண்டும்.

எண்ண முடியாத செடிகள்

மரங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். தரைபடர் செடிகளையும் புதர்த் திட்டுகளையும் அவ்வாறு எண்ணுவதில்லை. ஜீக்கிலின் திட்டுகளைப் போல அவை பரப்பாகவே வரையப்படுகின்றன. கட்டட மென்பொருளின் அடிப்படை அலகோ எண்ணக்கூடிய பொருள்: ஒரு கதவு, ஒரு சன்னல், ஒரு நாற்காலி. அதனால் இவ்வகைச் செடிகளுக்கு ரெவிட் பயனர்கள் மாற்று வழியை நாட வேண்டியிருந்தது. வண்ணம் நிரப்பிய இருபரிமாணப் பரப்பு கண்ணுக்குத் தோன்றும், அட்டவணையில் வராது. ஆகவே மெல்லிய தளத்தையோ நிலப்பரப்பின் உட்பிரிவையோ செடித் திட்டாகக் கொண்டு, அதன் பரப்பிலிருந்து எண்ணிக்கையைக் கணக்கிட்டனர். தளங்கள் வேறு வகைப்பாடு ஆதலால் அவற்றுக்குத் தனி அட்டவணை வேண்டும். வெக்டர்வொர்க்ஸில் செடிக்கும் செடிப்பரப்புக்கும் தனித்தனிக் கருவிகளே உள்ளன.

கணக்கீட்டிலும் கவனம் தேவை. 60 சதுர மீட்டர் பரப்பில் 0.5 மீட்டர் இடைவெளியில் சதுர வரிசையாக நட்டால், சதுர மீட்டருக்கு 4 வீதம் 240 செடிகள் வேண்டும். அதே இடைவெளியில் முக்கோண வரிசையாக நட்டால் சுமார் 277 செடிகள் வேண்டும். அட்டவணை இடைவெளியை மட்டும் சொல்லி, வரிசை முறையைச் சொல்லாவிட்டால் 37 செடிகள் குறையும். ரெவிட்டில் பரப்பை அடர்த்தி எண்ணால் அப்படியே பெருக்கினால் அலகு பொருந்தவில்லை என்னும் அறிவிப்பு வரும். பரப்பை முதலில் 1 சதுர மீட்டரால் வகுத்து வெற்று எண்ணாக்கிய பின்னரே பெருக்க வேண்டும்.

செடி சன்னல் அன்று

கட்டடக் கூறுகளுக்காகப் பிறந்த மென்பொருள் செடியைப் பல காலம் அலங்காரப் பொருளாகவே கண்டது. கட்டடத்தின் படம் அழகாகத் தோன்றுவதற்காக வைக்கும் மரத்துக்கு உயரம் போதும்; தாவரவியல் பெயர் தேவையில்லை. மென்பொருள்களுக்கிடையே தகவல் பரிமாறும் ஐ.எஃப்.சி. என்னும் திறந்த வடிவமைப்பிலும் இதே நிலை தெரிகிறது. அதன் பழைய பதிப்புகளில் செடிக்கென இடம் இல்லை. ஒரு மரம் பெரும்பாலும் 'வேறு எதிலும் அடங்காத கட்டடக் கூறு' என்னும் பிரிவிலேயே ஏற்றுமதியானது. 2024இல் பன்னாட்டுத் தரநிலையாக வெளிவந்த ஐ.எஃப்.சி. 4.3 பதிப்பில்தான் புவியியல் கூறுகளின் வகைகளுள் 'தாவரம்' என்பது இடம்பெற்றது. பிரித்தானிய அரசு 2016 முதல் தன் மையத் துறைத் திட்டங்களுக்குப் பிம் முறையைக் கட்டாயமாக்கியபோது, நிலத்தோற்றக் கலைஞர்களும் இதற்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டில் பிரித்தானிய நிலத்தோற்ற நிறுவனமான லேண்ட்ஸ்கேப் இன்ஸ்டிடியூட் இப்பொருள் பற்றி ஒரு வழிகாட்டி நூலை வெளிக்கொணர்ந்தது.

இன்னொரு வேறுபாடு காலம். சன்னல் பொருத்திய நாளில் உள்ள அளவிலேயே நிற்கும். மரம் வளரும். வரைபடத்தில் காட்டும் வட்டம் பெரும்பாலும் முதிர்ந்த மரத்தின் விரிவு. அட்டவணையில் எழுதுவது நடும் நாளின் அளவு. இவ்விரண்டையும் ஒரே பண்பில் வைத்தால், முதிர்ந்த மரத்தின் உயரம் கொள்முதல் அளவாகப் போய்விடும். எனவே நடும் அளவுக்கும் முதிர் அளவுக்கும் தனித்தனிப் பண்புகள் வைப்பதே நல்ல வழக்கம்.

கோப்பின் ஆயுள்

மென்பொருள் எண்ணிக்கை முரண்பாட்டைத் தீர்த்தது. தவறான பெயரையோ பொருந்தாத மரத்தையோ அது கண்டுபிடிக்காது. ஒரு டைப்பில் பெயர் தவறாக இருந்தால், அந்தத் தவறு எல்லாத் தாள்களிலும் ஒரே சீராக, முரண்பாடின்றி அச்சாகும். முன்பு இரு ஆவணங்களும் வேறுபட்டபோது யாராவது ஐயம் எழுப்பினர். இன்று இரண்டும் ஒத்துப்போவதால் ஐயம் எழுவதில்லை. ஆகவே அட்டவணையை வெளியிடும் முன், செடியை அறிந்த ஒருவர் வரி வரியாகப் படிப்பது முன்னைவிட இப்போது அதிகம் தேவைப்படுகிறது.

நிலைத்தலும் கவனிக்க வேண்டிய ஒன்று. ஜீக்கிலின் தாள்களைப் பல பதிற்றாண்டுகளுக்குப் பின் எடுத்துப் படிக்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. புதிய பதிப்பு ரெவிட்டில் சேமித்த கோப்பையோ பழைய பதிப்பில் திறக்க முடியாது. மென்பொருள் இல்லாதவர் அதனைப் படிக்கவே முடியாது. தோட்டத்தின் ஆயுள் மென்பொருள் பதிப்பின் ஆயுளைவிட மிக நீண்டது. நடப்படும் ஒரு வேம்பு, அதனை எண்ணிய கணினி பழுதாகிப் பல தலைமுறைக்குப் பின்னும் நிற்கும். பணி முடிந்ததும் உண்மையில் நட்டவற்றின் அட்டவணையை எளிய உரைக்கோப்பாகவும், நெடுநாள் பாதுகாப்புக்கான பி.டி.எஃப். வடிவிலும், இயன்றால் தாளிலும் வளாக உரிமையாளரிடம் ஒப்படைப்பது இதனால்தான் நல்லது. அந்தத் தோட்டத்தை என்றேனும் மீட்க விரும்புவோர் முதலில் தேடப்போவது அதைத்தான்.